2006-ல் எழுதிய விக்கி 2030-ல் திறக்குமா? பழைய குறிப்புகளைப் புது சாஃப்ட்வேருக்கு மாற்றுவது எப்படி?

கொடைக்கானலில் 2006-ம் ஆண்டு குறிஞ்சி பூத்தது. அடுத்து 2018-ல். இனி 2030-ல்தான்.

2006-ல் மலையேறிப் போய்ப் பார்த்த ஒருவர், அந்த உற்சாகத்தில் பழனி மலைகளைப் பற்றிச் சொந்தமாக ஒரு விக்கி தொடங்கினார் என்று வைத்துக்கொள்வோம். எந்தச் சரிவில் எந்த வாரம் பூத்தது, வட்டக்கானல் சோலையில் என்னென்ன மரங்கள், பூம்பாறைக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று பக்கம் பக்கமாக எழுதி, ஒன்றோடு ஒன்றை லிங்க் போட்டு வைத்தார். அப்புறம் வேலை, கல்யாணம், குழந்தை. 2018-ல், "போன தடவை எங்கே முதலில் பூத்துச்சு?" என்று பார்க்கத் திறந்தால், வெறும் வெள்ளைத் திரை.

எழுதியது எங்கேயும் போகவில்லை. சர்வரில் அப்படியே இருக்கிறது. அதைத் திறந்து காட்டவேண்டிய சாஃப்ட்வேர்தான் காலாவதியாகிவிட்டது.

இது கற்பனைதான். ஆனால் காலேஜ் நாளில் ஆரம்பித்த விக்கியோ, பாட்டியின் சமையல் குறிப்போ, சொந்த ஊர் வரலாறோ உங்களிடமும் எங்கேயோ ஒரு ஹோஸ்டிங்கில் தூங்கிக்கொண்டிருக்கலாம். அதைப் பத்திரமாக மாற்றுவது எப்படி?

முதல்ல, விக்கின்னா என்ன?

விக்கி என்றதும் விக்கிப்பீடியாதான் ஞாபகம் வரும். ஆனால் விக்கி அதைவிட ஆறு வயது மூத்தது. அமெரிக்க புரோகிராமர் வார்டு கன்னிங்ஹாம் 1995 மார்ச் 25 அன்று உலகின் முதல் விக்கியைத் தொடங்கினார். ஹவாய் மொழியில் 'விக்கி' என்றால் வேகம். பக்கத்தைத் திறக்கலாம், அங்கேயே திருத்தலாம், வேறு பக்கத்துக்கு ஒரு நொடியில் லிங்க் போடலாம். அவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

ஆரம்பகால விக்கிகளில் லிங்க் போட ஒரு வழிதான் இருந்தது. இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டி, ஒவ்வொன்றின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாகப் போடவேண்டும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து ஏது? [[குறிஞ்சி]] என்று இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதும் முறை வந்த பிறகுதான் நமக்கு விக்கி வசப்பட்டது. உங்கள் விக்கி எந்தக் காலத்து முறையில் எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள். மாற்றும் வேலையின் கஷ்டநஷ்டம் அதைப் பொறுத்தே அமையும்.

ஏன் திடீர்னு நின்னு போச்சு?

பெரும்பாலான பழைய விக்கிகள் பிஎச்பி என்ற கணினி மொழியில் எழுதப்பட்டவை. அந்த மொழிக்கும் பதிப்புகள் உண்டு, ஆயுளும் உண்டு. பிஎச்பி 5.6-க்கான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2018 டிசம்பர் 31-டன் நின்றுபோயின. அதற்கு முன்பே, 2015 இறுதியில் வந்த பிஎச்பி 7, டேட்டாபேஸோடு பேசும் பழைய கட்டளைகளை மொத்தமாக நீக்கிவிட்டது. ஹோஸ்டிங் நிறுவனம் சர்வரை அப்டேட் செய்த அன்று, அந்தக் கட்டளைகளை நம்பியிருந்த விக்கி படுத்துவிடும்.

சரி, அப்டேட் செய்யாமல் பழையபடியே விட்டுவிடலாமே? கூடாது. ஓட்டைகள் அடைக்கப்படாத சாஃப்ட்வேரை இணையத்தில் வைத்திருப்பது, கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போவது மாதிரி.

தமிழுக்கு மட்டும் உள்ள தலைவலிகள்

1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை முதலில் யூனிகோடில் தரவில்லை. திஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களில் தந்து, பிறகு யூனிகோடுக்கு மாற்றியது. தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டதே 2010-ல்தான். ஆக, 2000-களின் தொடக்கத்தில் எழுதிய விக்கியில் திஸ்கி கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அதை அப்படியே புது சாஃப்ட்வேரில் போட்டால் ஒரு வரிகூடப் படிக்க முடியாது. குறியாக்க மாற்றி மூலம் யூனிகோடாக்கிய பிறகே ஏற்ற வேண்டும்.

யூனிகோடில் எழுதியிருந்தாலும் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய டேட்டாபேஸ்கள் தமிழைச் சரியாகச் சேமித்துவிட்டு, 'இது லத்தீன் எழுத்து' என்று தவறாகக் குறித்து வைத்திருக்கும். மாற்றியதும் பக்கம் முழுக்க, தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியுமாகத் தெரியும். பயப்படாதீர்கள், எழுத்து அழியவில்லை. ஒரு முறை அதிகமாக மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது. அந்த நிலையிலேயே மேலும் திருத்தி சேவ் செய்தால்தான் உண்மையில் கெட்டுப்போகும். நிறுத்திவிட்டு, பேக்கப்பிலிருந்து சரியான அமைப்போடு மறுபடி ஏற்றுங்கள்.

இன்னொன்று, கண்ணுக்கே தெரியாதது. 'கொடைக்கானல்' என்ற பெயரின் முதல் எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'கொ'வில் வரும் உயிர்க்குறியைக் கணினி ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி, கால் தனி என இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். கணினிக்கோ இரண்டும் வேறு வேறு சொல். லிங்க்கில் ஒரு வகையும் பக்கத்தின் பெயரில் இன்னொரு வகையும் இருந்தால், "அப்படி ஒரு பக்கமே இல்லை" என்று சாதிக்கும். மாற்றும்போது எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் 'இயல்பாக்கம்' என்ற படியை விடக் கூடாது.

விக்கிப்பீடியாவே தொலைச்சிருக்கு!

விக்கிப்பீடியா 2001 ஜனவரியில் தொடங்கியபோது ஓடியது யூஸ்மாட்விக்கி என்ற எளிய சாஃப்ட்வேரில். கூட்டம் தாங்கவில்லை. 2002 ஜனவரியில், மாக்னஸ் மான்ஸ்கே எழுதிய புது சாஃப்ட்வேருக்கு மாறினார்கள். அதே ஆண்டு ஜூலையில் லீ டேனியல் க்ராக்கர் திருத்தி எழுதிய பதிப்புக்கு மறுபடி மாற்றம். இன்று மீடியாவிக்கி என்று நாம் சொல்வது அதன் வாரிசுதான்.

பழைய சாஃப்ட்வேர் ஒரு பக்கத்தின் பழைய திருத்தங்களைக் கொஞ்ச நாளில் தூக்கிப்போட்டுவிடும். அதனால் தொடக்க மாதங்களில் யார், என்றைக்கு, என்ன எழுதினார்கள் என்ற வரலாற்றில் பெரும்பகுதி போயே போச்சு என்றுதான் நினைத்திருந்தார்கள். 2010 டிசம்பரில் விக்கிமீடியாவின் டிம் ஸ்டார்லிங், மறந்துபோன பழைய பேக்கப் ஒன்றைக் கண்டெடுத்தார். 2001-ம் ஆண்டின் முதல் திருத்தங்கள் அதில் கிடைத்தன. யாரோ அழிக்காமல் விட்ட ஒரு ஃபைல்தான் ஒன்பது வருடம் கழித்து வரலாற்றை மீட்டது.

கொடைக்கானல் மலையில் ஒரு பாடம்

இதே பாடத்தை இன்னும் அழகாகச் சொல்லும் இடம் கொடைக்கானலிலேயே இருக்கிறது. 1899-ல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகம். சூரியப் புள்ளிகளில் வாயு எப்படி நகர்கிறது என்பதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டறிந்தது இங்கேதான். 1904 முதல் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எடுத்த சூரியப் படங்கள், கண்ணாடித் தகடுகளிலும் ஃபிலிமிலுமாக இங்கே சேர்ந்திருக்கின்றன.

கால்சியம் ஒளியில் எடுத்த படங்களை மட்டும் பாருங்கள். அவை ஒரு முறை அல்ல, இரண்டு முறை டிஜிட்டலாக்கப்பட்டிருக்கின்றன. முதல் முறை 8 பிட்டில். அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே 256 படிகள். அடுத்த முறை 16 பிட்டில். அதில் 65,536 படிகள். முதல் முறை முடிந்ததுமே, "எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு, இந்தக் கண்ணாடி எதுக்கு?" என்று தூக்கிப்போட்டிருந்தால், இரண்டாவது முறைக்கு வழியே இருந்திருக்காது.

படம் மட்டும் இருந்தாலும் போதாது. எந்த நாள், எத்தனை மணிக்கு எடுத்தது என்பதும் வேண்டும். தொலைநோக்கியில் விழும் சூரியனின் உருவம் பகல் முழுக்கத் திரும்பிக்கொண்டே இருப்பதால், நேரம் தவறினால் படத்தில் வடக்கு எது என்பதே தவறிவிடும்.

நம் குறிஞ்சிக் குறிப்புக்கும் இதே கதிதான். "இன்னைக்கு முதல் பூ பார்த்தேன்" என்று எழுதியிருக்கிறது. ஃபைலை காப்பி செய்தபோது அதன் தேதி 'இன்று' என்று மாறிவிட்டது. அப்புறம் அந்த 'இன்னைக்கு' எந்த நாள்?

சரி, எப்படித்தான் மாத்துறது?

1. எதையும் தொடாமல் முதலில் முழு பேக்கப் எடுங்கள். ஃபைல்கள், டேட்டாபேஸ், படங்கள் மூன்றும் வேண்டும். மீடியாவிக்கியில் 'ஏற்றுமதி' கொடுத்தால் எழுத்து மட்டுமே வரும், படங்கள் வராது. அவற்றைத் தனியாக எடுக்க வேண்டும். இரண்டு பிரதி வையுங்கள், ஒன்று வேறு இடத்தில்.

2. விக்கி திறக்கவே இல்லையா? உங்கள் லேப்டாப்பில், இணையத்தோடு சேராமல், பழைய பிஎச்பி பதிப்பை டாக்கர் மூலம் ஓட்டி அதற்குள் திறந்து பாருங்கள். பேக்கப்பே இல்லையென்றால், இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பழைய முகவரியைத் தேடுங்கள். சில பக்கங்களாவது அகப்படலாம்.

3. எண்ணிக்கை எழுதி வையுங்கள். எத்தனை பக்கம், எத்தனை படம். மாற்றிய பிறகு கணக்கு இடித்தால் உடனே தெரிந்துவிடும்.

4. பத்தே பத்துப் பக்கத்தை முதலில் மாற்றிப் பாருங்கள். சுலபமான பக்கங்கள் வேண்டாம். அட்டவணை உள்ளது, படம் நிறைந்தது, தமிழ்த் தலைப்பு நீளமானது, பலமுறை திருத்தியது என்று வம்பான பக்கங்களாகத் தேர்ந்தெடுங்கள். பேண்டாக் என்ற இலவசக் கருவி, மீடியாவிக்கி, டோக்குவிக்கி வடிவங்களை மார்க்டவுனாக மாற்றித் தரும்.

5. எழுதிய தேதியை ஒவ்வொரு பக்கத்தின் உள்ளேயே ஒரு வரியாக எழுதிவிடுங்கள். ஃபைலின் தேதியை நம்ப வேண்டாம்.

6. பழைய முகவரிகளைக் கைவிடாதீர்கள். யாரோ எங்கோ உங்கள் பூம்பாறை மலைப்பூண்டுப் பக்கத்துக்கு லிங்க் கொடுத்திருக்கலாம். 301 என்ற நிரந்தரத் திருப்பத்தை வைத்தால், பழைய முகவரிக்கு வருபவர் தானாகவே புதுப் பக்கத்துக்கு வந்துவிடுவார்.

7. எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகும் பழைய பேக்கப்பை அழிக்காதீர்கள். இணையத்திலிருந்து இறக்கினால் போதும்.

எதுக்கு மாறலாம்?

நீங்கள் ஒருவரே எழுதுகிறீர்கள் என்றால், ஒரு ஃபோல்டர் நிறைய மார்க்டவுன் ஃபைல்களே போதும். அப்சிடியன் மாதிரியான செயலிகள் அதைத் திறந்து, [[ ]] லிங்க்குகளையும் இயக்கும். இணையத்தில் மற்றவர்கள் படிக்க வேண்டும், ஆனால் டேட்டாபேஸ் தொல்லை வேண்டாம் என்றால் டோக்குவிக்கி. அது பக்கங்களைச் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்களாகவே வைக்கிறது. பல பேர் சேர்ந்து எழுதுவதென்றால் மீடியாவிக்கி.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் நுழைவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "நாளைக்கு இதை விட்டு வெளியே வரணும்னா, என் எழுத்தை முழுசா எடுத்துக்கிட்டு வர முடியுமா?" பளபளப்பான செயலியாக இருந்தாலும், இதற்குத் தெளிவான பதில் இல்லையென்றால் வேண்டாம்.

ஏனென்றால் இது கடைசி மாற்றம் அல்ல. விக்கியைக் கண்டுபிடித்த கன்னிங்ஹாமே 2011-ல் புது மாதிரி விக்கி ஒன்றை உருவாக்கத் தொடங்கினார். பின்னர் அவரது முதல் விக்கியில் எழுதுவது நிறுத்தப்பட்டு, படிப்பதற்கு மட்டும் வைக்கப்பட்டது. சாஃப்ட்வேர் வரும், போகும். குறிஞ்சிக்கு 12 வருடம் காத்திருக்கத் தெரியும், சாஃப்ட்வேருக்குத் தெரியாது.

2030-ல் மலைச்சரிவு மறுபடி நீலமாகும்போது, "2006-ல் எங்கே முதலில் பூத்தது?" என்று உங்கள் பிள்ளை கேட்கலாம். பதில் இப்போதே உங்களிடம் இருக்கிறது. இந்த வாரக் கடைசியில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, பேக்கப் மட்டுமாவது எடுத்துவிடுங்கள்.