வலையமைப்புக் குவிவு

வலையமைப்புக் குவிவு என்பது, கணினி வலையமைப்பொன்றில் ஓர் இணைப்போ கருவியோ செயலிழந்தபின், எஞ்சிய ரூட்டர்களும் சுவிட்ச்சுகளும் புதிய வழியை ஒருமித்து ஏற்கும் நிலை ஆகும். இதற்குப் பிடிக்கும் காலம் குவிவு நேரம் எனப்படும். மாற்று இணைப்பு இருப்பது மட்டும் போதாது. பழுது எவ்வளவு விரைவில் உணரப்படுகிறது என்பதே தடங்கலின் நீளத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

ஆலை வளாகத்தில்

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் பின்னுதல், சாயமிடுதல், வெட்டுதல், தைத்தல் ஆகியன தனித்தனிக் கூடங்களில் நடைபெறுவதுண்டு. கூடங்களின் சுவிட்ச்சுகளை ஒளியிழையால் வளையமாக இணைத்தால், ஓரிடத்தில் இழை அறுந்தாலும் தரவு மறுபக்கமாகச் செல்லும். ஆனால் ஈதர்நெட் வளையத்தின் எல்லா இணைப்புகளும் ஒருசேர இயங்கினால், அனைவருக்குமான ஒரு செய்தி முடிவின்றிச் சுற்றி வலையமைப்பையே முடக்கிவிடும். எனவே 1985இல் ரேடியா பெர்ல்மன் உருவாக்கிய ஸ்பானிங் ட்ரீ நெறிமுறை ஓர் இணைப்பை அடைத்து வைத்து, பழுதின்போது திறக்கிறது. இயல்பான அமைவில் இதற்கு 30 முதல் 50 வினாடிகள் ஆகும். 2001இல் வெளிவந்த ராப்பிட் ஸ்பானிங் ட்ரீ, அண்டைச் சுவிட்ச்சுடன் நேரடியாக உடன்பட்டு, பெரும்பாலும் ஓரிரு வினாடிகளுக்குள் முடித்துவிடும். வளையத்தில் பழைய சுவிட்ச் ஒன்று இருந்தால் அப்பகுதி பழைய வேகத்திற்கே திரும்பும்.

வெளி இணைப்பு

ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில் சுங்கத் துறையின் ஐஸ்கேட் இணையவாயிலில் தாக்கல் செய்யப்படுவதால், நிறுவனங்கள் இரு சேவையாளரிடம் இணைப்புப் பெறுவது பயனுடையது. ரூட்டர்களிடையே இயங்கும் ஓ.எஸ்.பி.எஃப் நெறிமுறை வழக்கமாக 10 வினாடிக்கு ஒருமுறை 'ஹலோ' அனுப்பும். 40 வினாடிகள் ஏதும் வராவிடில் அண்டை ரூட்டர் செயலிழந்ததாகக் கொள்ளும். பி.ஜி.பி.க்குப் பரிந்துரைக்கப்பட்ட காத்திருப்பு 90 வினாடிகள்.

இழை நேரடியாக ரூட்டரில் செருகப்பட்டிருந்தால் ஒளி நின்றவுடனே பழுது தெரியும். இடையில் மீடியா கன்வெர்ட்டர் இருப்பின், பல வேளைகளில் அதற்கப்பால் இழை அறுந்தும் ரூட்டரின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். இக்குறையைப் போக்குவது 2010இல் தரப்படுத்தப்பட்ட பி.எஃப்.டி. 50 மில்லிவினாடிக்கு ஒரு சிறு செய்தி என அமைத்து, மூன்று தவறினால் பழுது எனக் கொண்டால், 150 மில்லிவினாடியில் அது தெரிந்துவிடும். மறுமுனையில் சேவையாளரும் இதை இயக்கவேண்டும். இடைவெளியை அளவுமீறிக் குறைத்தாலோ, சிறு நெரிசலும் பழுதாகக் கருதப்பட்டு வழிகள் மாறிமாறித் தத்தளிக்கும்.

ஒரே பள்ளம்

இரு சேவையாளரின் இழைகளும் ஒரே பள்ளத்தில் சென்றால் எந்த நெறிமுறையாலும் பயனில்லை. இதன் பேருருவம் கடலில் காணப்பட்டது. 2008 சனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே சீ-மீ-வீ 4, ஃபிளாக் ஆகிய இரு கடலடி வடங்களும் அறுந்தன. இந்தியப் போக்குவரத்தின் ஒரு பகுதி கிழக்கே சிங்கப்பூர் வழியாகத் திருப்பப்பட்டும், கொள்ளளவு போதாமல் இணையம் சில நாட்கள் மந்தமாகவே இருந்தது. சாலைப் பணிகளில் இழை அடிக்கடி அறுபடும் இடங்களில் இரண்டாம் இணைப்பை வானலை வழியாகப் பெறுவது இதனாலேயே.