வர்ணக் கலப்பும் அருவச் சித்திரமும்

கண்ணுக்கு விருந்தாவன பலவற்றுள்ளும் நிறமே முற்பட்டு நிற்பது. அந்திவானத்தில் செம்மை பொன்மையாகவும், பொன்மை கருநீலமாகவும் மாறுங்கால், எவ்விடத்தில் ஒன்று முடிந்தது, எவ்விடத்தில் மற்றொன்று தொடங்கிற்று என்று சுட்டிக் காட்ட வல்லார் எவருமிலர். இங்ஙனம் ஒரு நிறம் பிறிதொன்றினுள் படிப்படியாய்க் கரைந்து செல்லும் அழகைக் கணிப்பொறியின் உதவியால் ஆக்கிக் காட்டுதல் இக்காலத்து மாணவர் பலர்க்கு இனியதொரு பொழுதுபோக்காக அமைந்துளது. ஆயினும், பொறி தந்ததை ஏற்றுக்கொள்வோர் பலராகவும், அது ஏன் அவ்வாறு தந்தது என்று வினவுவோர் சிலராகவுமே உளர். படத்தின் நடுவே சாம்பல் படிந்தாற்போன்ற மங்கிய பட்டையொன்று தோன்றியவுடன், 'நமக்குச் சித்திரம் வாராது' என்று மனந்தளர்ந்து கைவிட்டாரும் உண்டு. அம்மங்கலின் காரணம் மிக எளியதொரு கணக்கேயாம். அதனை விளக்குதலே இக்கட்டுரையில் யாம் மேற்கொண்ட நோக்கம்.

முதற்கண், அருவச் சித்திரமாவது யாது? மரம், மனிதர், மனை முதலிய எப்பொருளின் சாயலையும் நாடாது, கோடு, வடிவு, நிறம் என்னும் மூன்றையே கொண்டு இயற்றப்படுவது அது. சொல்லில்லாத வீணை நாதம் நம் உள்ளத்தை உருக்குகின்றதன்றோ? அவ்வாறே பொருளைச் சுட்டாத நிறமும் உள்ளத்தைத் தொடவல்லது. ரஷ்ய ஓவியர் வாஸிலி காண்டின்ஸ்கி 1911-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட நூலில், நிறங்களின் ஆற்றலை இசையோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர். பிரான்ஸ் தேசத்து ராபர்ட் டெலோனே என்பார் 1912, 1913-ஆம் ஆண்டுகளில் வட்டங்களையும் நிறங்களையுமே கொண்டு படங்கள் தீட்டினர்.

இனி, கணிப்பொறி படத்தைத் தன்னுள் வைத்துக்கொள்ளும் வழிகள் இரண்டு. ஒன்று, படத்தைச் சிறுசிறு புள்ளிகளாகப் பகுத்து ஒவ்வொன்றன் நிறத்தையும் குறித்துக்கொள்ளுதல். மற்றொன்று, கோடுகளையும் வளைவுகளையும் கணிதக் குறிப்புகளாக வைத்துக்கொள்ளுதல். இப்பிற்கூறியதே வெக்டர் முறை எனப்படும். புள்ளியிட்டுக் கோலம் இழைப்பார் சில புள்ளிகளைக் கொண்டே நெடிய வளைவுகளை வகுப்பது போல, இம்முறையிலும் நான்கு புள்ளிகள் ஒரு வளைவை முற்றும் நிர்ணயித்து விடும். இவ்வளைவுக்குப் பெஸியே வளைவு என்று பெயர். ரெனோ மோட்டார்க் கம்பெனியின் பொறியியலறிஞரான பியேர் பெஸியே, வண்டியின் உடலமைப்பை வரைதற்பொருட்டு 1960-க்குப் பிந்திய ஆண்டுகளில் இதனை வழக்கிற் கொணர்ந்தார். அவர்க்குச் சற்று முன்னரே, 1959-இல், சித்ரோயன் கம்பெனியைச் சேர்ந்த போல் த காஸ்தெல்ஷோவும் இதன் கணிதத்தைக் கண்டிருந்தார். இம்முறையில் வரைந்த படத்தை எத்துணைப் பெரிதாக்கினும் விளிம்பு சிதையாது.

இவ்வளைவுகளைக் கையாளும் இல்லஸ்ட்ரேட்டர் என்னும் மென்பொருள் 1987-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டுப் பதிப்பிலேயே 'பிளெண்ட்' என்னும் கலப்புக் கருவி அதிற் சேர்ந்தது. விலை கொடுத்து வாங்க இயலாத மாணவர்க்கு, 2003-இல் தோன்றிய இன்க்ஸ்கேப் என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கின்றது.

கலப்பு என்பதன் தத்துவம் இது: முதல் வடிவம் ஒன்று, இறுதி வடிவம் ஒன்று ஆக இரண்டை நாம் தருகின்றோம்; இடைப்பட்டவற்றைப் பொறி கணக்கிட்டு வரைகின்றது. முந்நூறு அலகு தூரத்தில் நிற்கும் இரண்டு கோடுகளுக்கிடையே ஒன்பது படிகள் வேண்டுமெனக் கேட்டால், முப்பது அலகுக்கு ஒன்றாக ஒன்பது கோடுகள் எழும். வளைவாயின், அதன் நான்கு புள்ளிகளும் இவ்வாறே படிப்படியாய் நகரும். நிறமும் அங்ஙனமே. கணிப்பொறித் திரையில் ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளின் அளவாற் குறிக்கப்படும். ஒவ்வோர் அளவும் 0 முதல் 255 வரை செல்லும். அவ்வெண்களையும் பொறி சமபங்காக மாற்றிக்கொண்டு செல்கின்றது. கருமை முதல் வெண்மை வரை இடையிலுள்ள சாயல்கள் 254 மட்டுமே. அதற்கு மேலும் படிகள் கேட்பது பொறிக்குச் சுமையேயன்றி கண்ணுக்குப் பயனன்று.

இப்போது அம்மங்கிய பட்டையின் மர்மத்தை நோக்குவோம். மஞ்சளின் எண்கள் 255, 255, 0. நீலத்தின் எண்கள் 0, 0, 255. இவ்விரண்டின் நடுவண் நிற்பது யாது? ஒவ்வொன்றையும் கூட்டிப் பாதியாக்கினால் ஏறக்குறைய 128, 128, 128 வரும். மூன்று ஒளியும் சமமாயின் அது சாம்பல் நிறமேயாம்! வர்ணக் குழம்பிலோ மஞ்சளும் நீலமும் பச்சையைத் தருமே என்பீராயின், கூறுதும்: மஞ்சட் குழம்பு நீல ஒளியை விழுங்கும், நீலக் குழம்பு செவ்வொளியை விழுங்கும், இரண்டும் விழுங்காது விட்ட பச்சையொளியே நம் கண்ணை வந்தடைகின்றது. பொறியின் கலப்போ எதனையும் விழுங்குவதில்லை. எண்களைச் சராசரி செய்வதொன்றே அதன் தொழில்.

காரணம் தெரிந்தபின் பரிகாரமும் எளிதாகின்றது. இரண்டு நிறங்களுக்கிடையே மூன்றாவதொன்றை இடைத்தங்கலாக நிறுத்துதல் வேண்டும். மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவே 255, 0, 128 என்னும் ரோஜா நிறத்தை வைப்போமாயின், மஞ்சளுக்கும் ரோஜாவுக்கும் இடையில் ஆரஞ்சும், ரோஜாவுக்கும் நீலத்துக்கும் இடையில் ஊதாவும் தாமே மலரும். சாம்பல் எங்கும் தலைகாட்டாது.

குழம்பின் இயல்பையே விரும்புவார்க்கும் வழியுண்டு. 'மல்டிப்ளை' என்னும் கலப்பு வகை எண்களைப் பெருக்கி 255-ஆல் வகுக்கும். மஞ்சட் கண்ணாடியின் மீது 0, 255, 255 என்னும் இளநீலக் கண்ணாடியை வைத்தாற்போல, இரண்டும் படியுமிடத்தில் தூய பச்சை தோன்றும். 'ஸ்கிரீன்' என்னும் வகையோ இதற்கு மறுதலையாய், ஒளியோடு ஒளி சேர்ந்தாற்போல வெண்மையை நோக்கிச் செல்லும்.

செய்முறையைச் சுருங்கக் கூறுவோம். இன்க்ஸ்கேப்பில் பெஸியே கருவியால் அலைபோன்ற வளைவு ஒன்றை மஞ்சளிலும், சற்றுத் தள்ளி வேறொன்றை ரோஜா நிறத்திலும் வரைக. இரண்டிலும் புள்ளிகளின் தொகை ஒத்திருத்தலும், இரண்டும் ஒரே திசையினின்று தொடங்குதலும் நன்று. இன்றேல் இடைக்கோடுகள் முறுக்கிக்கொள்ளும். பின்பு இரண்டையும் தெரிந்துகொண்டு, 'எக்ஸ்டென்ஷன்ஸ்' பட்டியலிலுள்ள 'ஜெனரேட் ஃப்ரம் பாத்' என்னும் பகுதியில் 'இன்டர்போலேட்' என்பதைத் திறந்து, படிகளின் தொகையை 30 எனக் குறிக்க. 'இன்டர்போலேட் ஸ்டைல்' என்பதையும் தெரிந்தாலன்றி நிறம் மாறாது. இவ்வாறே ரோஜாவையும் நீலத்தையும் இணைக்க, பட்டுச்சேலையின் மடிப்புப் போன்ற தோற்றம் திரையில் விரியும். படிகள் குறையின் கோடுகள் தனித்தனியே நின்று தாளம் காட்டும்; மிகின் ஒன்றோடொன்று இழைந்து மென்மை காட்டும்.

இனி ஓர் எச்சரிக்கை. பாரிஸ் நகரத்து கோப்லான் நெசவுச்சாலையில் சாயப் பகுதித் தலைவராயிருந்த ஷெவ்ரேல் என்னும் இரசாயன அறிஞரிடம், கறுப்பு நூல் மங்கித் தோன்றுகின்றதென்று முறையிட்டனர். அவர் ஆராய்ந்து, குறை சாயத்திலன்று, அருகிலுள்ள நிறங்களின் சேர்க்கையிலே என்று கண்டு, 1839-இல் அதனைப் பெருநூலாக வெளியிட்டனர். ஒரு நிறத்தின் மதிப்பு அதன் அயலாரைப் பொறுத்தது. ஆகையால் நூறு நிறங்களை வாரி இறைத்தலினும், மூன்றைத் தேர்ந்து அவற்றின் இடைவெளியை நன்கு வகுத்தலே சிறப்பு. மேலும், திரையின் ஒளிநிறங்கள் யாவும் அச்சு மையில் அவ்வாறே வாரா. பத்திரிகை அட்டைக்கெனச் சித்திரம் செய்வோர், முதலில் ஒரு படி அச்சிட்டுப் பார்த்தல் அவசியம்.

பொறி ஒரு கணத்தில் முப்பது கோடுகளை வரைந்து தரும். எவ்விரண்டு கோடுகளுக்கிடையே, எந்நிறத்தின் வழியாக என்று அது ஒருபோதும் கூறாது. அத்தேர்வே கலைஞன் வேலை. அதற்கு வேண்டுவது கூர்ந்த கண்ணும், கூட்டிப் பாதியாக்கத் தெரிந்த சிறு கணக்குமேயாம். இவையிரண்டும் மாணவர் எவர்க்கும் எய்தற்கரியன அல்ல. ஆதலின், சாம்பலைக் கண்டு கைவிட்டோர் மீண்டும் ஒருமுறை முயல்வாராக.