தாருக்கும் சேற்றுக்கும் ஒரே வண்டி

தார்ச் சாலையில் அலுவலகம் போய்வரவும், அதே வண்டியில் கல்லும் சேறும் நிறைந்த மலைத் தடத்தில் ஏறி இறங்கவும் ஏற்ற எடை குறைந்த மோட்டார் சைக்கிளை 'டூயல் ஸ்போர்ட்' என்பார்கள். பதிவு எண், முகப்பு விளக்கு, இண்டிகேட்டர் என்று சாலைக்குச் சட்டம் கேட்கும் எல்லாம் இதில் உண்டு. அவற்றோடு உயர்ந்த அடிப்பகுதி, நீளமாக அமுங்கி எழும் ஷாக் அப்சார்பர், கம்பி போட்ட பெரிய முன்சக்கரம், மேலே தூக்கி வைத்த சைலன்சர் ஆகியவையும் இருக்கும். மண்ணில் மட்டும் ஓடும் மோட்டோகிராஸ் பந்தய வண்டி வேறு. அதைச் சாலையில் ஓட்ட அனுமதி கிடையாது.

இந்தியாவில் இந்த வகை, சாமானியர் கைக்கு எட்டும் விலையில் வந்தது அண்மையில்தான். 2011-இல் ஹீரோ நிறுவனம் 150 சிசி 'இம்பல்ஸ்' வண்டியைக் கொண்டுவந்தது. நல்ல வண்டி, ஆனால் இன்ஜினின் வலு போதவில்லை, வாங்க ஆளும் குறைவு. சில ஆண்டுகளில் அது நின்றுபோனது. அதன் இடத்தை நிரப்பியது 2019 மே மாதம் வந்த 'எக்ஸ்பல்ஸ் 200'. 199.6 சிசி இன்ஜின், ஐந்து கியர், 154 கிலோ எடை, 220 மி.மீ. தரை இடைவெளி, முன்னால் 21 அங்குலம், பின்னால் 18 அங்குலச் சக்கரம். கார்புரேட்டர் வண்டியின் ஷோரூம் விலை அப்போது 97,000 ரூபாய். 2021 அக்டோபரில் நான்கு வால்வு இன்ஜினும், 2025 ஜனவரியில் தண்ணீரால் குளிரும் 'எக்ஸ்பல்ஸ் 210'-உம் வந்தன. நவி மும்பையின் நெருளில் இப்படி ஒரு வண்டி வாங்க நினைப்பவர் பெரும்பாலும் முதலில் பார்ப்பது இந்த வரிசையைத்தான்.

நெருள் இதற்குத் தோதான ஊர். ஒரு பக்கம் தாணே கழிமுகம், மறுபக்கம் பன்வேல் தாண்டியதும் சஹ்யாத்ரி மலைத்தொடர். அடல் சேதுவிலும் மும்பை–புனே விரைவுச்சாலையிலும் இருசக்கர வண்டிகளுக்கு அனுமதி இல்லாததால், பன்வேல் வழியாகப் பழைய புனே சாலையைப் பிடித்து லோனாவ்லா போவதுதான் வழக்கம். அங்கிருந்து ராஜ்மாச்சிக் கோட்டைக்குப் போகும் காட்டுத் தடம் இந்த வட்டாரத்து ஓட்டுநர்களுக்குப் பெயர் பெற்ற பாடசாலை. கோடையில் புழுதியும் உருளும் கல்லும். மழைக்காலத்தில் முழங்கால் சேறும் குறுக்கே ஓடும் ஓடைகளும். இந்த மலைப் பகுதி எரிமலைக் குழம்பு இறுகிய கருங்கல்லால் ஆனது. ஈரமானால் அதன் மேல் டயர் நிற்காது.

இந்த வேலைக்கு வண்டியின் குதிரைத்திறனைவிட எடையே முக்கியம். தடத்தில் விழாத ஓட்டுநர் கிடையாது. விழுந்த வண்டியைத் தனி ஆள் தூக்கி நிறுத்த முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. 150 கிலோ வண்டியைச் சேற்றில் மூன்று முறை தூக்கியவருக்கு 200 கிலோ வண்டி எப்படியிருக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உயரமும் யோசிக்க வேண்டிய விஷயம். 820 மி.மீ.க்கு மேல் இருக்கும் சீட்டில் ஐந்தரை அடி ஆளுக்கு இரண்டு காலும் முழுதாக ஊன்றாது. ஆள் உட்கார்ந்ததும் ஷாக் சற்று அமுங்கும், ஒரு காலை ஊன்றிப் பழகிக்கொள்ளலாம். ஆனாலும் வாங்குமுன் கடையில் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும்.

பழைய வண்டி வாங்குபவர் மீட்டரை நம்புவதைவிட அடிப்பகுதியைக் குனிந்து பார்ப்பது மேல். இன்ஜினுக்கு அடியிலுள்ள காப்புத் தகட்டின் கீறல்கள் அந்த வண்டியின் வாழ்க்கையைச் சொல்லிவிடும். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பினால் நடுவில் எங்காவது சிக்குகிறதா என்று தெரியும். சிக்கினால் ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன் செட் போய்விட்டது. பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் சுவிங் ஆர்ம் புஷ்ஷின் தேய்மானம் தெரியும். முன் ஃபோர்க் குழாயில் எண்ணெய்ப் படலம் இருந்தால் ஆயில் சீல் கிழிந்திருக்கிறது. இவை எல்லாம் மாற்றக்கூடியவை, விலையில் கழித்துக்கொள்ளலாம். சேஸிஸ் வெல்டிங்கில் விரிசல் தெரிந்தால் மட்டும் அந்த வண்டியை விட்டுவிட வேண்டும்.

காட்டுத் தடத்தில் வண்டியைக் கெடுப்பவை மூன்று: புழுதி, தண்ணீர், விழுவது. புழுதி முதலில் ஏர் ஃபில்டரை அடைக்கும். வண்டி இழுக்காது, பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், பிளக் கரி பிடிக்கும். ஃபில்டரின் ஓரம் சரியாகப் பொருந்தாமல் புழுதி உள்ளே போய்விட்டால் பிஸ்டனும் சிலிண்டரும் தேய்ந்து சைலன்சரில் நீலப் புகை வரும். அப்புறம் செலவு ஆயிரங்களில். கையேட்டில் இருக்கும் சர்வீஸ் கிலோமீட்டர் கணக்கு பெரும்பாலும் தார்ச் சாலைக்கானது. புழுதித் தடத்தில் ஒரு நாள் ஓட்டினாலே ஃபில்டரைத் திறந்து பார்ப்பது நல்லது.

செயினில் பலரும் ஒரு தவறு செய்கிறார்கள்: தொங்கக் கூடாது என்று இறுக்கிவிடுகிறார்கள். சாதாரண வண்டிக்கே அது கேடு. நீள ஷாக் வண்டிக்கு இன்னும் பெரிய கேடு. பின்சக்கரம் மேலே எழும்போது முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் உள்ள தூரம் கூடும். அந்த நேரத்தில் செயினில் தளர்வு இல்லையென்றால் இழுவை முழுதும் கியர் பாக்ஸ் பேரிங்கின் மேல் விழும். கையேடு சொல்லும் தளர்வை ஓட்டுநர் ஏறி உட்கார்ந்த நிலையிலும் சரிபார்த்துவிட வேண்டும். சேறு காய்ந்த செயினுக்கு மேலேயே எண்ணெய் விட்டால் அது உப்புத்தாள் போலத் தேய்க்கும். மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு துடைத்து, காயவிட்டு, பிறகே லூப் அடிக்க வேண்டும்.

கம்பிச் சக்கரம் அடி வாங்கினால் உடையாமல் வளையும். தடத்தில் அதுதான் அதன் பலம். ஆனால் ஸ்போக்ஸ் கம்பிகள் தளர்ந்துகொண்டே வரும். சிறு ஸ்பானரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிப் பார்த்தால் இறுகிய கம்பி கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். தளர்ந்த ஒன்றை விட்டுவைத்தால் பக்கத்துக் கம்பிகள் சுமை தாங்காமல் அறுந்துபோகும். இத்தகைய வண்டிகளின் டயருக்குள் டியூப் இருக்கும். பிடிப்புக்காகக் காற்றைக் குறைப்பது வழக்கம்தான். ஆனால் அளவு மீறிக் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி இரண்டு கோடாகக் கிழியும். டயர் ரிம்மின் மேல் நழுவி வால்வை வேரோடு பிய்த்துவிடுவதும் உண்டு. தார்ச் சாலைக்குத் திரும்பியதும் மறக்காமல் காற்றடித்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து தண்ணீர். ஓடையில் இறங்குமுன் நடந்து ஆழம் பார்ப்பது கட்டாயம். ஏர் பாக்ஸ் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், காற்றைப் போல அது அழுந்தாது. மேலே வரும் பிஸ்டன் அதில் முட்டி கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆகவே தண்ணீரில் விழுந்து நின்ற வண்டியில் செல்ஃப் பட்டனை அமுக்கவே கூடாது. கரைக்குத் தள்ளி வந்து, ஏர் பாக்ஸைத் திறந்து தண்ணீரை வடித்து, பிளக்கைக் கழற்ற வேண்டும். பிளக் துளை திறந்திருக்க, வண்டியை உயர்ந்த கியரில் போட்டுத் தள்ளினால் உள்ளே இருக்கும் தண்ணீர் பீய்ச்சி வெளியே வரும். ஆயில் பார்க்கும் கண்ணாடியில் பால் கலந்த காபி நிறம் தெரிந்தால் ஆயிலிலும் தண்ணீர் கலந்துவிட்டது. அப்படியே ஓட்டிவராமல் ஆயிலை மாற்றுவதே இன்ஜினைக் காப்பாற்றும் வழி. கார்புரேட்டர் வண்டி ஓடை நடுவில் திணறினால் வேறு காரணமும் இருக்கலாம்: கார்புரேட்டருக்குக் காற்று விடும் சிறு குழாய்களின் வாய் தண்ணீரில் மூழ்கியிருக்கும். அவற்றில் ஒன்றை மேலே தூக்கிக் கட்டிவிட்டால் அந்தத் தொல்லை தீரும்.

தடத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பதறி எதையும் கழற்றக் கூடாது. விழும்போது, இன்ஜினை அணைக்கும் கில் சுவிட்ச் தட்டப்பட்டிருக்கலாம். முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். கார்புரேட்டருக்குப் பதில் ஃபியூயல் இன்ஜெக்ஷன் (எஃப்.ஐ.) உள்ள வண்டிகள் பலவற்றில், சாய்ந்தால் இன்ஜினை நிறுத்தும் சென்சார் உண்டு. சாவியை அணைத்து மறுபடி போட்டால் அது விடுபடும். சைடு ஸ்டாண்டு சுவிட்சில் சேறு அப்பியிருந்தால், ஸ்டாண்டு மடிந்திருந்தாலும் வண்டி கிளம்பாது. எஃப்.ஐ. வண்டியில் சாவி போட்டதும் பெட்ரோல் பம்ப் இரண்டு நொடி முனகும். அந்தச் சத்தம் வரவில்லையென்றால் ஃபியூஸ், பேட்டரி முனை, பம்ப்புக்குப் போகும் ஒயர் என்ற வரிசையில் தேட வேண்டும். சத்தம் வந்தும் கிளம்பவில்லை என்றால் பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்ப்பது அடுத்த படி. மேட்டில் இன்ஜின் அலறியும் வண்டி நகராவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. கேபிளில் தளர்வு இருக்கிறதா என்று பார்த்து, அரை மணி நேரம் ஆறவிட்டால் பெரும்பாலும் ஊர் வந்து சேர்ந்துவிடலாம். ஆயில் கூலரின் இதழ்களில் சேறு காய்ந்து அடைத்திருந்தாலும் ஏற்றத்தில் இன்ஜின் கொதிக்கும்.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை: டயர் லீவர், கைப்பம்ப், 21 அங்குல டியூப் ஒன்று (அவசரத்துக்குப் பின்சக்கரத்திலும் அதைப் போட்டு ஒப்பேற்றலாம்), செயின் லிங்க், பிளக், ஃபியூஸ், கிளட்ச் கேபிள், பிரேக், கிளட்ச் லீவர்கள், கட்டுக்கம்பி, கொஞ்சம் எம்-சீல். கல்லில் மோதி இன்ஜின் உறையில் விரிசல் விட்டு ஆயில் கசிந்தால், துடைத்துவிட்டு எம்-சீல் அப்பி வீடு திரும்பியவர்கள் உண்டு.

நெருளில் வண்டி வைத்திருப்பவருக்குத் தடத்தைவிடப் பெரிய எதிரி வீட்டு வாசலிலேயே இருக்கிறது. கழிமுகத்து உப்புக் காற்றும் நான்கு மாத மழையும் சேர்ந்து ஸ்போக்ஸ் கம்பி, சைலன்சர் போல்ட், ஒயர் இணைப்புகள் ஆகியவற்றை அரிக்கும். மழைக்கு முன் இணைப்புகளைத் திறந்து அதற்குரிய கிரீஸ் தடவுவதும், தடத்திலிருந்து வந்த அன்றே சேற்றைக் கழுவுவதும் பழக்கமாக வேண்டும். கழுவும்போது அழுத்தத் தண்ணீரைச் சக்கர பேரிங், கோன் செட், ஆயில் சீல் பக்கம் காட்டக் கூடாது. வண்டியை மூடும் பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும்; காற்றுப் போகும் துணி உறை மேல்.

சட்டத்திலும் கவனம் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. நவி மும்பையின் எம்.எச்.43 எண் வண்டியை ஊருக்குக் கொண்டுபோய்த் திருநெல்வேலியிலோ மதுரையிலோ 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், 47-ஆம் பிரிவின்படி அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். மாதேரான் மலை ஊருக்குள் தனியார் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. தஸ்தூரி நாக்காவிலேயே நிறுத்திவிட வேண்டும். கர்னாலா பறவைகள் சரணாலயத்தின் ஒற்றையடிப் பாதைகளும் வண்டிக்கானவை அல்ல. மழைக்காலத்தில் நட்டிருக்கும் நெல் வயலின் வரப்பில் ஒரு டயர் ஏறினாலும் அந்த விவசாயியின் தண்ணீர் வடிந்துபோகும். வயல் குறுக்கிட்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு வழி பார்க்க வேண்டும்.