பெயர் பதிய ஒரு பயணம்

மத்தியானச் சாப்பாடு முடிந்து, பாத்திரங்களை ஒழித்துப் போட்டுவிட்டுச் சற்றுக் கண்ணயரலாம் என்று தலையைச் சாய்க்கும் நேரத்தில்தான் வோட்டர் ஜாபிதா எழுதுகிறவர் வாசலில் வந்து நிற்பார். "வீட்டில் எத்தனை பேர் அம்மா? பெயரும் வயசும் சொல்லுங்கள்" என்பார். 'இந்த மனிதருக்கு வேறு வேளை கிடைக்கவில்லையா!' என்று மனசுக்குள் அலுத்துக்கொள்ளாத பெண் உண்டா?

அப்படி அலுப்புத் தட்டும்போதெல்லாம் எனக்கு ஃபானி லூ ஹேமர் என்ற அமெரிக்க அம்மாளின் நினைவு வரும். ஜாபிதாவில் பெயர் எழுதிக்கொள்ளும்படி கேட்ட ஒரே குற்றத்துக்காக, அன்று இரவே குடியிருந்த வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டவர் அவர்.

அமெரிக்காவின் தென்பகுதியில் மிஸிஸிப்பி என்று ஒரு ராஜ்யம். பருத்தி விளையும் பூமி. நம் ஊர் ஜில்லாவைப் போல, ஆனால் அதைவிடச் சிறியதாக, அங்கே 'கவுண்டி' என்ற பிரிவுகள் உண்டு. அந்தக் காலத்தில் வோட்டுப் போட விரும்பியவர், தாமே கவுண்டி கோர்ட்டுக் கட்டடத்துக்குப் போய்க் குமாஸ்தாவிடம் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஊர்ப் போலீஸுக்குத் தலைவரான ஷெரீபையும், கவுண்டி நிர்வாக போர்டையும் தேர்ந்தெடுப்பது அந்த ஜாபிதாவில் இருப்பவர்கள்தாம். வழக்குகளில் ஜூரர்களாக உட்கார அழைக்கப்படுகிறவர்களும் அவர்களே. ஆகவே, ஜாபிதாவில் யார் இருக்கிறார்களோ, அவர்கள் கையில் ஊர்!

ஸன்பிளவர் கவுண்டியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஜனங்கள் கறுப்பு இனத்தவர். ஆனால் அந்நாளில் ஜாபிதாவில் அவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

ஹேமர் அம்மாள் 1917-ல் பிறந்தவர். இருபது குழந்தைகளில் கடைக்குட்டி. ஆறு வயதிலேயே பருத்தி எடுக்கப் போனார். கல்யாணமான பின், ஒரு பண்ணையில் 18 வருஷம் கூலிக் கணக்கு எழுதும் வேலை. தமக்கும் வோட்டுரிமை உண்டு என்ற சங்கதியே 1962-ஆம் வருஷம், 44-வது வயதில், மாதா கோவிலில் நடந்த ஒரு கூட்டத்தில்தான் அவருக்குத் தெரிந்தது!

அந்த வருஷம் ஆகஸ்டு 31-ந் தேதி, 18 பேர் ஒரு பழைய பஸ்ஸில் ஏறி, 26 மைல் தொலைவிலுள்ள இண்டியனோலா என்ற ஊருக்குப் புறப்பட்டார்கள். கோர்ட்டு வாசலில் போலீஸார் நின்றார்கள். இருவர் இருவராகத்தான் உள்ளே விட்டார்கள். விண்ணப்பத் தாளில் எங்கே வேலை, எஜமானர் யார் என்றெல்லாம் கேள்வி. விஷயம் எஜமானர் காதுக்கு எட்டுவதற்கு அது ஒன்றே போதாதா? பிறகு பரீட்சை. ராஜ்யத்தின் அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவைக் காட்டி, அதைப் பார்த்து எழுதி, அர்த்தமும் எழுதச் சொன்னார் குமாஸ்தா. தேறியதா இல்லையா என்று தீர்மானிப்பவரும் அவரே. அம்மாள் தேறவில்லை.

திரும்பும் வழியில் போலீஸார் பஸ்ஸை மறித்தார்கள். குற்றம் என்ன தெரியுமோ? பஸ்ஸின் வர்ணம் சரியில்லையாம்! பஸ்ஸுக்குள் எல்லோரும் நடுங்கினார்கள். அப்போது ஹேமர் அம்மாள் மெல்லப் பக்திப் பாட்டுப் பாடத் தொடங்கினார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பயம் கொஞ்சம் விலகியது.

வீட்டுக்கு வந்தால் பண்ணைக்காரர் காத்திருந்தார். விண்ணப்பத்தை வாபஸ் வாங்கு, இல்லாவிட்டால் கிளம்பு என்றார். அம்மாள் சொன்ன பதில் சிறியது. அவருக்காகப் பதியப் போகவில்லை, தமக்காகவே போனதாகச் சொன்னார். அன்று இரவே வெளியேறினார். அறுவடை முடியும்வரை புருஷன் பண்ணையை விட்டு நகர முடியாது. பத்து நாள் கழித்து, அவர் தங்கிய சிநேகிதர் வீட்டின் மீது பதினாறு குண்டுகள் பாய்ந்தன.

அவர் மறுபடியும் இண்டியனோலாவுக்குப் போனார். தேறும்வரை முப்பது நாளுக்கு ஒரு தடவை வருவேன் என்று குமாஸ்தாவிடமே சொன்னார். 1963 ஜனவரியில் தேறியும் விட்டார். ஆனால் வோட்டுப் போடப் போனபோது, இரண்டு வருஷத் தலைவரி கட்டிய ரசீது எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அந்த ஜூன் மாதம் வேறோர் ஊரில் அவரைச் சிறையில் அடைத்து அடித்ததில் உடம்பு வாழ்நாள் முழுதும் தேறவில்லை.

1964-ல் அமெரிக்கப் பார்லிமெண்டுக்குத் தாமே அபேட்சகராக நின்றார். அவர் முதன்முதலாகப் போட்ட வோட்டு அவருக்கே விழுந்தது! தோற்றார் என்பது வேறு விஷயம். அவ்வருஷம் ஆகஸ்டில் அவர் தம் கதையைச் சொன்னதை நாடெங்கும் டெலிவிஷனில் கேட்டார்கள். 1965-ல் வோட்டுரிமைச் சட்டம் வந்தது. மிஸிஸிப்பியில் வயது வந்த கறுப்பு இனத்தவரில் 100-க்கு 7 பேர்கூட ஜாபிதாவில் இல்லாத நிலை மாறி, 1967-க்குள் 100-க்கு சுமார் 60 பேர் இடம் பெற்றார்கள். ஹேமர் அம்மாள் 1977-ல் காலமானார்.

அடுத்த முறை ஜாபிதாக்காரர் கதவைத் தட்டும்போது, எழுந்து போய்ப் பெயரைச் சொல்லுங்கள். எழுத்துப் பிழையில்லாமல் எழுதினாரா என்றும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். தூக்கம் அப்புறம் வரட்டும்!