மின்கசிவும் பழைய மின்கம்பிகளும்

வீடு தீப்பற்றினால், மின்கசிவே காரணம் என எழுதிவிடுகிறோம். உண்மையில் மூன்று கேடுகளை அந்த ஒரு சொல்லில் அடக்குகிறோம். கம்பி தாங்கும் அளவை மீறி மின்சாரம் பாய்வது மிகைச்சுமை. உறை கெட்ட இரு கம்பிகள் ஒன்றையொன்று தொடுவது குறுக்குச்சுற்று. மின்சாரம் தன் பாதையை விட்டு, கருவியின் கூடு வழியாகவோ மனித உடல் வழியாகவோ நிலத்திற்குச் செல்வதே மின்கசிவு.

கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டப்புறங்களில் பழைய வீடுகளில் வாழ்வோர் இவ்வேறுபாட்டை அறிதல் வேண்டும். நம் முன்னோர் பால் வெட்டிய மரத்தின் ரப்பரே முற்காலக் கம்பிகளுக்கு உறையாயிற்று. ஆண்டுகள் செல்ல, வெப்பத்தால் அவ்வுறை உலர்ந்து வெடிக்கும். முதலிரு கேடுகள் நேரும்போது ஃபியூஸ் உருகி மின்சாரத்தைத் துண்டிக்கும். உயிரைப் பறிக்கும் மின்கசிவோ அதனை உருக்கப் போதாத அளவினது. ஃபியூஸ் காப்பது கம்பியை. மனிதரைக் காப்பது கசிவுத் துண்டிப்பான். கையில் பிடித்து இயக்கும் கருவிகளுக்கு 30 மில்லியாம்பியரில் இயங்கும் துண்டிப்பானை மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் வேண்டுகின்றன.

ஆகவே, கம்பியை மட்டும் மாற்றுவது அரைப்பணியே. நிலத்தொடர்புக் கம்பியையும் துண்டிப்பானையும் தகுதிபெற்ற மின்பணியாளரைக் கொண்டு உடன் அமைத்தல் வேண்டும். தம் வீட்டில் துண்டிப்பான் உண்டா என மாணவர்கள் பெற்றோரிடம் வினவ, ஆசிரியர்கள் வழிகாட்டுவார்களாக.