கோபுரத்தின் அடியில் என்ன இருக்கிறது?



கைத்தொலைபேசி இல்லாத வீடு இன்று தோட்டங்களில் அரிது. நாம் பேசும் பேச்சு நம் கருவியிலிருந்து நேரே மகனுடைய கருவிக்குப் பறந்து போவதாகப் பலர் எண்ணுகிறார்கள். அது அப்படியன்று. அடுத்தடுத்த லயங்களில் இருக்கும் இருவர் பேசினாலும், அந்தப் பேச்சு கோபுரத்துக்குச் சென்றுதான் திரும்பி வரவேண்டும்.

நம் நாட்டில் நடமாடும் தொலைபேசி முதன்முதலில் 1985-ஆம் ஆண்டு வந்தது. 'ஆட்டூர் 450' என்பது அதன் பெயர். இன்று நாடு முழுவதும் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கங்காணி இருப்பதுபோல, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு கோபுரம் உண்டு.

கோபுரத்தின் உச்சியை உற்றுப் பாருங்கள். நீண்ட பலகைகள் பெரும்பாலும் மூன்று திசை நோக்கி நிற்கும். அவையே நம் கருவியோடு பேசும் அலைவாங்கிகள். பக்கத்தில் மத்தளம்போல் வட்டமாக ஒன்று இருந்தால், அது அடுத்த கோபுரத்தோடு பேசுவது. சில இடங்களில் இந்த வேலையை மண்ணுக்குள் ஓடும் கண்ணாடி இழைக் கம்பி செய்கிறது.

அடியில், வேலிக்குள், இரும்பு அலமாரிகள் இருக்கும். வெளியிலிருந்து வரும் மின்சாரத்தை 48 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றும் கருவி அங்கே இருக்கிறது. கூடவே பேட்டரிகளும் உண்டு. மின்சாரம் நின்றால் இந்த பேட்டரிகளே கோபுரத்துக்கு உயிர். ஆனால் அவை சில மணி நேரமே தாங்கும். 2014-ஆம் ஆண்டு டிசம்பரில் கிளந்தானில் பெருவெள்ளம் வந்தபோது, பல ஊர்களில் மின்சாரத்தோடு தொலைபேசித் தொடர்பும் அறுந்து போனது.

ஆகவே மழைக்காலத்தில் மின்சாரம் நின்றவுடனே செய்யவேண்டிய முக்கியமான அழைப்புகளைச் செய்துவிடுங்கள். கோபுரமும் அடங்கும்வரை காத்திருக்க வேண்டாம். நீண்ட பேச்சைத் தவிர்த்து, சுருக்கமாகச் செய்தி அனுப்புங்கள்.

செம்பனைக் காட்டுக்குள் தொடர்பு ஏன் மங்குகிறது? இலைகள், அதிலும் நனைந்த இலைகள், அலையின் வலிமையைக் குறைக்கின்றன. மேடும் குன்றும் மறைக்கின்றன. அப்போது தூரத்துக் கோபுரத்தை எட்டுவதற்காக நம் கருவி தன் சக்தியைக் கூட்டுகிறது. பேட்டரி விரைவில் தீர்கிறது. மேட்டில் ஏறி, மரங்கள் இல்லாத வெளியில் நின்று பேசினால் பலன் உண்டு.

கோபுரம் அருகில் இருப்பதால் ஆபத்து என்று அஞ்சுவோரும் உண்டு. அதன் அலைகள் வானொலி அலைகளின் இனமே. எக்ஸ்-ரே போன்றவை அல்ல. தூரம் கூடக்கூட அவற்றின் வலிமை வெகுவேகமாகக் குறைந்துவிடும். உண்மையான ஆபத்து வேலியைத் தாண்டுவதில்தான் இருக்கிறது. உள்ளே மின்சாரம் இருக்கிறது. மேலே ஏறினால் அலைவாங்கியை நெருங்க நேரும். பிள்ளைகளை அங்கே விளையாட விடாதீர்கள்.

பேட்டரியையும் செம்புக் கம்பியையும் திருடுவோர் உண்டு. அதைத் தடுப்பது கம்பெனிக்காரரின் வேலை மட்டும் என்று இருந்துவிடக் கூடாது. கோபுரம் ஊமையாகிவிட்டால், நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணுக்காக 999-ஐ அழைக்க முடியாமல் தவிப்பது நம் லயம்தான். வேலி உடைந்திருப்பதைக் கண்டால் தோட்ட அலுவலகத்துக்கு உடனே சொல்லுங்கள்.