'நின்றது', 'நிறுத்தப்பட்டது': வானூர்திச் செய்திகளில் வினைச்சொல்

எந்திரம் 'நின்றது' என்பது தன்வினை. 'நிறுத்தினார்' என்பது பிறவினை. 'நிறுத்தப்பட்டது' என்பது செயப்பாட்டுவினை. சாத்தாங்காட்டு இரும்புச் சந்தை முதல் எண்ணூர் ஆலைகள் வரை எந்திரத்தோடு பழகுவார் இவ்வேறுபாட்டினை நன்கறிவர். முதலது பழுதினை நினைப்பிக்கும். ஏனைய இரண்டும் ஒருவர் கையினைச் சுட்டும். நாளிதழில் இவ்வேறுபாடு நெகிழுங்கால் விளையும் கேட்டினை ஈண்டு ஒரு சான்றால் ஆராய்வாம்.

12-6-2025 அன்று அகமதாபாத்திலிருந்து இலண்டன் நோக்கி எழுந்த ஏர் இந்தியா 171 ஆம் வானூர்தி ஒரு நிமிடத்திற்குள் வீழ்ந்தது. 260 பேர் மாண்டனர். பறவை மோதியிருக்கலாம் என்னும் ஊகம் முதற்கண் பரவிற்று. ஜூலை 12-இல் வெளிவந்த முதனிலை அறிக்கையோ, அருகே குறிப்பிடத்தக்க பறவை நடமாட்டம் காணப்படவில்லை என்றது. இரண்டு எஞ்சின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் ஒரு நொடி இடைவெளியில், ஒன்றன்பின் ஒன்றாக, 'இயக்கம்' என்னும் நிலையினின்று 'துண்டிப்பு' நிலைக்கு மாறின என்றும் கூறிற்று. ஏன் துண்டித்தீர் என ஒரு வானோடி வினவியதும், தாம் அவ்வாறு செய்யவில்லை என மற்றவர் விடையிறுத்ததும் அதன்கண் உள. வினவியவர் யார், விடையிறுத்தவர் யார் என்பதை அறிக்கை கூறவில்லை.

'மாறின' என்பதற்கு நேரான ஆங்கில வினையும் செய்தவரைக் குறித்திலது. 'எஞ்சின்கள் பழுதுற்றன' என எழுதுவார் பொறியின்மேலும், 'அணைக்கப்பட்டன' என எழுதுவார் மாந்தர்மேலும் குற்றத்தை ஏற்றுகின்றனர். செயப்பாட்டுவினை வினைமுதலை மறைப்பினும், அஃது உண்டென்பதை உணர்த்தியே நிற்கும்.

செயப்படுபொருளைச் செய்தது போலக் கூறும் வழக்கினைத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் உடன்படுதலின், 'மாறின' என்பதும் ஒருவர் மாற்றியதைக் குறிக்கலாமே எனின், குறிக்கலாம், குறியாதும் இருக்கலாம். அறிக்கை விட்டுவைத்த ஐயம் அதுவே. அதனைக் கெடாது காத்தலே அச்சொல்லின் தகுதி.

வெளிநாட்டு இதழ்கள் சில, பெயர் கூறாத அலுவலரைச் சான்றுகாட்டித் தலைமை வானோடியைச் சுட்டின. அத்தகைய எழுத்து பொறுப்பற்றது என வானூர்தி விபத்துப் புலனாய்வுப் பிரிவு ஜூலை 17-இல் கண்டித்தது. முதனிலை அறிக்கை வானோடியைக் குற்றஞ்சாட்டவில்லை என்பதை உச்ச நீதிமன்றமும் அவ்வாண்டு நவம்பரில் எடுத்துரைத்தது.

மாண்டார் மறுமொழி கூற வாரார். ஆகலின், அறியப்படாத வினைமுதலை ஏற்றிக் கூறாமை செய்தி எழுதுவார்க்கு இலக்கணமும் அறமும் ஆம்.